இரட்டைப்படை மாதம்

எல்லக்காட்டுவலசுக்கு நான் போவது
இரட்டைப்படை மாதம், ஒன்பதாம் தேதி.
ஞாயிறு குறுக்கிட்டால் மட்டும் பத்து.
மீட்டர் கணக்கெடுப்பவளுக்கு
வேறு பஞ்சாங்கம் கிடையாது.

வெள்ளை அட்டையில் யூனிட் எழுதுவேன்.
என் டைரியின் ஓரத்தில்
எந்த ஆபீசும் கேட்டு வாங்காத
இன்னொரு கணக்கும்.

2009 பிப்ரவரி 9.
துளசிமணியக்கா வீட்டு வேம்பு: மொட்டை.
சருகு கூட்டி எரிக்கிறார்கள்.
ஏப்ரல் 9. பூ.
ஸ்கூட்டி சீட்டைத் தட்டிவிட்டுத்தான்
உட்கார்ந்தேன்.

2016 பிப்ரவரி 9. கொழுந்து, செம்பு நிறம்.
2021 பிப்ரவரி 9. மொட்டு. (கண்ணாடி துடைத்துப் பார்த்தேன்.)
2024 பிப்ரவரி 9. பூ.
கட்டுத்தறி முழுக்க,
எருமைக் கன்றின் முதுகில்கூட.
அந்த வருடம் ஏப்ரலில்
சீட்டைத் தட்டினால் வெறும் தூசி.
நிமிர்ந்தால் காய்.

ஒரே மரம், ஒரே தேதி, ஒரே ஆள்.
என் கையெழுத்துதான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது.

கிளுவை மட்டும் பிடிவாதக்காரி,
சித்திரை மழை விழாமல் கண் திறக்காது
என்றிருந்தேன்.
போன மாசியில் ஒரு மழை,
விலாசம் தப்பி வந்த தபால் மாதிரி.
வேலி நெடுகப் பச்சை.
கொரங்காட்டுப் படலைத் திறந்துவிட்டு
நாச்சிமுத்து சிரித்தார்,
அவருடைய ஆடுகளும் சிரித்தமாதிரிதான் இருந்தது.
பங்குனி வெயில் அத்தனையையும் உதிர்த்தது.
சித்திரையில் நிஜ மழை வந்து
முள்முள்ளாய்த் தொட்டுப் பார்த்தபோது
பாதிக் குச்சிகள் துளிர்த்தன.
மீதி
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

கம்பியில் உரசும் கிளைகளை வெட்ட
எங்கள் ஆபீசு குறித்த மாதம் பங்குனி.
மரங்களுக்குச் சுற்றறிக்கை போகவில்லை போலும்.
மாசியிலேயே புங்கு
கம்பியைத் தொட்டுவிட்டது,
ஊர் இருண்டது.
ஏணியில் நின்ற லைன்மேன் குப்புராஜ்
இளந்தளிர் ஒட்டிய கையுறையைக் காட்டி
"இதுக்கு என்னங்க அவசரம்?" என்றார்.
என்னிடம் பதில் இல்லை.
அட்டை இருந்தது:
முன்பெல்லாம் பிப்ரவரியில்
மின்விசிறி தூங்கும் இந்த வீடுகளில்
இப்போது அந்த மாதத்துக்கே
ஏப்ரல் யூனிட் ஏறுகிறது.
சக்கரம் சுழன்ற காலத்து மீட்டரும்
சிவப்பு விளக்கு கண்சிமிட்டும் மீட்டரும்
மரமும்
ஒரே வெயிலைத்தான் வாசிக்கின்றன.
மரத்துக்குக் கட்டணமில்லை என்று
சொல்லவந்தேன்.
சொல்ல முடியவில்லை.

இந்த ஏப்ரல் ஒன்பது.
துளசிமணியக்கா அட்டையை வாங்கித்
தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார்.
"ஏனம்மிணி, இத்தனையா?"
பிறகு அவரே
ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினார்.
மீன் இல்லை, ஐஸ்கிரீம் இல்லை.
டிபன் டப்பாவில் வேப்பம்பூ.

"தையில கொட்டுனத அள்ளி வெச்சேன்.
காஞ்ச பூவு எங்கூட்டுக்காரருக்கு ஆவாது.
வருசப் பொறப்புக்குப் பச்சடி வெக்கோணுமே,
மரத்துகிட்டப் போய்க் கேட்டா
காயக் காட்டுது."

மூடியில் பனி படிந்திருந்தது.
ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்தார்.
முதலில் குளிர், பிறகு ஈரம்,
கடைசியாக, வெகு தாமதமாக,
அந்த வாசனை.

இரண்டு மாதமாக அதைக் காத்த மின்சாரத்தையும்
நான்தான் எழுதினேன்,
நீல மையில், மற்ற யூனிட்டுகளோடு சேர்த்து.
டைரியில்:
வேம்பு, காய். பூ, டப்பாவில்.

ஜூன் ஒன்பதுக்கு நேரே
வருடா வருடம் முன்கூட்டியே
"பழம்" என்று எழுதிவைத்துவிடுவேன்,
மைனாக்கள் கத்தும் நாள் அது,
சரிபார்க்கவே வேண்டியதில்லை.

இந்த முறை
அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு
அடுத்த வீட்டு கேட்டைத் தட்டினேன்.